ஈயக்குண்டும் சிவப்புப் பொத்தானும்

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் கூசாமல் பொய் எழுதியிருந்தார்கள். நாணயத்தை நூறு முறை சுண்டி, பூ எத்தனை, தலை எத்தனை என்று எழுதி வரச் சொன்னால் நோட்டுக்கு நோட்டு ஐம்பது, ஐம்பது. ஒருவன் மட்டும் நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று என்று கொஞ்சம் கௌரவமாகப் பொய் சொல்லியிருந்தான். பிள்ளைச்சாவடியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் நான், அவர்கள் எல்லாருக்கும் சரி போட்டேன். நிஜமாகவே செய்து பார்த்த ஒரே பிள்ளைக்குச் சிவப்பு மையில் சுழித்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

அவள் பூவிழி. நாணயத்தையே தொடவில்லை. 'ஏழு சாமான், நூத்தி நாப்பது தடவை எடுத்தது' என்று தலைப்பிட்டுக் கோடுகோடாகக் கிழித்திருந்தாள். ஏழில் ஒன்று என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது முறை வரவேண்டும். சோழி முப்பத்திரண்டு முறை வந்திருந்தது. ஈயக்குண்டு இரண்டு.

"எண்ணத் தெரியாதாடி உனக்கு?"

"மூணு தடவ எண்ணிட்டேன் டீச்சர். ரெண்டுதான். ஈயக்குண்டு எங்கம்மாவோடது."

அப்புறம்தான் விஷயம் வந்தது. அவள் அம்மா சாந்தி, ரோட்டோர மீன் சந்தையில் வியாபாரம் செய்கிறவள். அங்கே ஏழு பெண்கள். யார் எங்கே உட்காருவது என்று தினமும் காலையில் குலுக்கல். ஆளுக்கொரு அடையாளத்தைச் சட்டியில் போடுவார்கள். சோழி, சோடா மூடி, புளியங்கொட்டை, வளையல் துண்டு, இப்படி. டீக்கடைக் காசிலிங்கம் சட்டியை நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுப்பார். முதலில் வந்தவளுக்கு வண்டிகள் நிற்கும் வாசல். கடைசிக்காரிக்குச் சாக்கடை மூலை. கல்யாணமான புதிதில் புருஷன் தன் வலையிலிருந்து கழற்றிக் கொடுத்த ஈயக்குண்டுதான் சாந்தியின் அடையாளம். மூன்று வருஷமாக அவளுக்குச் சாக்கடை மூலை.

"ராசி கெட்டவன்னு சொல்றாங்க டீச்சர். அம்மாவும் அப்டியே நம்பிடுச்சு. திங்கக்கெழம தட்டாஞ்சாவடியில பாட்டில் கம்பெனிக்குப் போவுதாம், கூட்டிப் பெருக்க. எங்கம்மா மாதிரி மீனு கூவி விக்க இந்த ரோட்டுலயே ஆளு கெடையாது."

மறுநாள் சட்டியும் சாமான்களும் வகுப்புக்கு வந்தன. நானே குலுக்கினேன், நானே கண்ணை மூடி எடுத்தேன். முப்பத்தைந்து முறை. ஏறக்குறைய ஐந்து முறை வரவேண்டிய குண்டு ஒரு முறைகூட வரவில்லை. சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். குலுக்கக் குலுக்க, சின்னதாகவும் கனமாகவும் இருந்த அது மற்றதற்கெல்லாம் அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. என் விரல் மேலே கிடந்ததைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. உடனே தையல்காரரிடம் ஆளனுப்பி ஒரே அளவில் ஏழு நிறப் பொத்தான்கள் வாங்கினோம். சிவப்புதான் அம்மா என்றாள் பூவிழி. மறுபடி முப்பத்தைந்து முறை. சிவப்பு ஆறு! வகுப்பு போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் ஓடி வந்தார். பதினெட்டு வருஷமாக நடத்துகிற பாடம், எனக்கே அன்றைக்குத்தான் புல்லரித்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். பூவிழி ஏற்கெனவே நோட்டோடு நின்றாள். பொத்தான்களைக் காட்டியதும் வாசல் இடத்துக்கே பட்டா வாங்கியவள் போலிருந்த தையல்நாயகி இடுப்பில் கை வைத்தாள். அவளுடையதுதான் சோழி.

"இன்னா டீச்சர், சட்டப் பொத்தான வச்சு எங்களுக்கு எடம் பிரிக்கிறியா?" என்றவள், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு சிரித்தாள். "போடு, போடு. என் ராசிய இந்தப் பொத்தான் இன்னா பண்ணிடும்?"

சாந்தி மட்டும் அசையவில்லை. "உங்கப்பா குடுத்ததுடி. அதயா தூக்கிப் போடச் சொல்ற?"

"தூக்கிப் போட வேணாம்மா. முந்தானையில முடிஞ்சுக்கோ. அதுக்குக் கனம் ஜாஸ்தி, அவ்ளோதான். உனக்கு ராசில ஒண்ணும் கொறையில்ல."

சாந்தி மகளையே பார்த்தாள். பிறகு குண்டை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டு, சிவப்புப் பொத்தானை வாங்கிச் சட்டியில் போட்டாள்.

ஒரு முறை எடுத்தால் ஒன்றும் நிரூபணமாகாது, நூறு முறை வேண்டும் என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்கிறவள் நான். ஏழில் ஒன்றுதான், நன்றாகத் தெரியும். அன்றைக்கும் சாக்கடை மூலையே வரலாம். ஆனாலும் என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் காசிலிங்கத்துக்கே கேட்டிருக்கும்.

சட்டி குலுங்கியது. பூவிழி புதுப் பக்கத்தைத் திருப்பித் தேதி எழுதினாள். எழுதிக்கொண்டே என் கையைக் கிள்ளினாள்.

"டீச்சர், அம்மாவப் பாருங்க."

இத்தனை நாளும் குலுக்கல் முடியுமுன்பே சாக்கடை மூலைக்குப் போய்க் கூடையை இறக்கி வைத்துவிடுவாளாம். இன்று காசிலிங்கம் கண்ணை மூடிச் சட்டிக்குள் கையை விட்டிருந்தார். சாந்தி தலையிலிருந்த கூடையை இறக்கவே இல்லை. மீன் தண்ணீர் நெற்றியில் வழிய, வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.