அக்காவுக்கு அறுபத்தைந்து

மயக்க மருந்து தரும் அந்த இயந்திரம் முதலில் நோயாளியின் வயது, எடை, உயரத்தைக் கேட்கும். பிறகு மூளையின் அலைகளைக் கவனித்து, மருந்தைத் தானே கூட்டும், குறைக்கும். மயக்க மருத்துவரான தங்கை அறுபத்தைந்து என்று தட்டினாள். அறுவை மேசையில் படுத்திருந்த அக்கா திரையைப் பார்த்துவிட்டாள். வந்ததே கோபம்!

"அறுபதுன்னு மாத்துடி. இல்லன்னா இறங்கி வீட்டுக்குப் போயிடுவேன்."

சொன்னால் செய்கிறவள்தான். அத்தானைவிட மூன்று வயது மூத்தவள் என்பது தெரியக் கூடாதென்று, கல்யாணத்தின்போதே ஐந்து வயதைச் சுளையாக விழுங்கியவள். அந்தக் கணக்குப்படி தங்கைதான் இப்போது வீட்டுக்கு மூத்தவள்!

"பொய் வயசைப் போட்டா இது மருந்தைக் கூட்டிக் கொடுத்துடும்க்கா. உன் ரத்த அழுத்தம் சரசரன்னு விழுந்துடும்."

"விழட்டும். அவரே போய்ச் சேர்ந்துட்டார். இப்ப அறுபத்தஞ்சுன்னு சொன்னா, அவரை ஏமாத்தினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?"

திரையைத் திருப்பி வைத்துச் சமாளிக்கலாம். அக்காவிடம் அந்தத் திருட்டுத்தனம் செய்யத் தங்கைக்கு மனம் வரவில்லை.

இந்த இயந்திர வித்தையெல்லாம் அந்தக் காலத்தில் ஏது? ஊசியை அழுத்தும் கட்டைவிரல்தான் கம்ப்யூட்டர். கொஞ்சம் மருந்து, கொஞ்சம் பேச்சு. நாக்கு குழறுகிறதா, இமை தளர்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செலுத்துவாள். மயங்கிக்கொண்டே மனிதர்கள் மனதில் உள்ளதைக் கொட்டிவிடுவார்கள். எத்தனை காதல், எத்தனை மாமியார் புகார்! ஒன்றைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. அந்தப் பேச்சில்லாத இந்த அறை அவளுக்கு இன்னமும் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

குடல்வால் அறுவைக்குப் படுத்த அத்தானும் அப்படித்தான் உளறினார். இத்தனை காலம் பூட்டி வைத்ததை இன்று வேறு வழியின்றித் திறந்தாள்.

"அத்தானுக்குத் தெரியும்க்கா. என் கையில மயங்கும்போது சொன்னார். 'உங்க அக்கா என்னைவிட மூணு வயசு பெரியவ. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே, பாவம், வெக்கப்படுவா'ன்னார்."

அக்காவின் கண்ணோரம் வழிந்ததைச் செவிலி துடைத்துவிட்டாள்.

"அறுபத்தஞ்சே இருக்கட்டும், ஆரம்பி" என்றாள் கடைசியில். தங்கை பொத்தானைத் தொடுவதற்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா கதவைச் சாத்திக்கிட்டு முடிக்கு டை அடிப்பேன். வெளியே அவர் தனியா உக்காந்திருப்பார்டி. தெரிஞ்சிருந்தா அந்த நேரமெல்லாம் அவர் பக்கத்துலயே இருந்திருப்பேனே."