சிவப்பு முக்கோணம்

சிப்னாஸ் காலையில் ஊற்றிய தேத்தண்ணி கடை மேசையிலேயே ஆறிப்போயிருந்தது. கார் பார்க்க ஆள் வருகிறது. உடப்புசல்லாவை கடைத்தெருவில், தன் துணிக்கடைக்கு முன்னால் நின்ற அந்தப் பழைய ஹைபிரிட் காரை ஏற்கெனவே துடைத்தாயிற்று. மறுபடியும் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

போன கிழமை இறம்பொடை ஏற்றத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பெட்டரி முடிந்துவிட்டது என்றார் கராஜ் மெக்கானிக் பாஸ். புதிது போட்டால் காரின் பாதி விலை அதற்கே போய்விடும். பாஸ் தன் மெஷினை மாட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார்.

"கொஞ்ச நாளைக்கு எரியாது. அதுக்குள்ள யாருக்காச்சும் தள்ளிவிட்டுருங்க."

மனைவி ரிஃப்னாவிடம் கார் விற்கப்போவதை மட்டும் சொன்னான். ஏன் என்று சொல்லவில்லை.

கார் பார்க்க வந்தவள் கிருஷாந்தி. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அவள்தான் மருத்துவ மாது. கர்ப்பிணிகளைப் பார்க்க மழையிலும் பனியிலும் தொழிலாளர் வீடுகளுக்கு லயம் லயமாக ஸ்கூட்டரில் ஏறி இறங்கியவளுக்கு, போன மாதம் சறுக்கி விழுந்ததில் கையில் இன்னும் தழும்பு இருந்தது.

"நானா, நானே ஓட்டிப் பாக்கலாங்களா?" என்று சிப்னாஸிடம் கேட்டாள்.

"தாராளமா ஓட்டுங்க."

சமதரையில் கார் சத்தமில்லாமல் போனது. அவள் முகம் மலர்ந்தது. சிப்னாஸ் பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு விளக்கு எரியும் இடத்தையே பார்த்தான். முதல் ஏற்றம் வந்ததும் பின்சீட்டுப் பக்கம் ஃபேன் இரைய ஆரம்பித்தது. அவன் ரேடியோவைக் கூட்டினான்.

"அது என்ன சத்தங்க?"

"ஹைபிரிட்னா அப்படித்தான் மிஸ்."

சொன்ன பிறகு வாய் கசந்தது. காரின் சிக்கனத்தைப் பற்றி, சீட்டைப் பற்றி, டயரைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனான். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அப்போது அவளுடைய போன் அடித்தது. காரை ஓரங்கட்டிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது.

"நானா, மேல் டிவிஷன்ல பிரியந்தின்னு ஒரு புள்ள. நாள் இன்னும் இருக்கு, ஆனா ரத்தம் போகுதாம். ஆம்புலன்ஸ் எங்கயோ தூரத்துல இருக்காம், வர நேரமாகும். லயத்துல வேற வாகனம் இல்ல. உங்களுக்கு ஏன் அலைச்சல், உங்கள இங்க எறக்கிவிட்டுட்டு, நான் காரைக் கொண்டுபோய் அந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டு வரட்டுங்களா?"

தலையாட்டினால் போதும், இறங்கிவிடலாம். சிப்னாஸின் கை கதவுப் பிடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு ஏறும் அந்தப் பாதை அவனுக்குத் தெரியும்.

"மிஸ், இந்தக் காரை நம்பிப் போகாதீங்க."

அவள் திரும்பினாள்.

"பெட்டரி முடிஞ்சிது. எனக்குத் தெரியும். விளக்க அணைச்சு வச்சித்தான் உங்களுக்குக் காட்டினேன்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். கண்ணில் கோபம் வந்ததை அவன் பார்த்தான். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மேல வரைக்கும் ஏறுமா, ஏறாதா?"

"தெரியாது."

"அப்ப நீங்களே ஓட்டுங்க. நின்னா எறங்கித் தள்ளுவோம்."

இடம் மாறினார்கள். கண்ணாடிகளை இறக்கி, ஏசியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் மெதுவாக ஓட்டினான். மூன்றாவது வளைவில் முக்கோணம் எரிந்தது. இன்ஜின் கத்தியது, ஆனால் இழுக்கவில்லை. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. அவள் கண்ணாடி வழியாகக் கையை நீட்டி, முந்திப் போகச் சொன்னாள்.

"நிக்காதே, நிக்காதே," என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். கார் நடக்கிற ஆளின் வேகத்தில் ஏறியது.

லயத்து வாசலில் பிரியந்தியை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் காத்திருந்தார்கள். அவள் கணவன் துஷாந்த் ஓடிவந்து பின்கதவைத் திறந்தான். சிப்னாஸ் இன்ஜினை நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்னவோ.

திரும்பி வரும்போது எல்லாம் இறக்கம். கிருஷாந்தி பின்சீட்டில் பிரியந்தியைச் சாய்த்துப் பிடித்தபடி, "என்னையே பாரு தாயி, கண்ண மூடாத," என்று பேசிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பிரியந்தி முனகினாள். ஒவ்வொரு முனகலுக்கும் சிப்னாஸ் பிரேக்கில் காலை வைத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கியதும் கார் ஒரு தரம் உதறி அடங்கியது. ஸ்டார்ட் பட்டனை எத்தனை தரம் அமுக்கியும் உயிர் வரவில்லை. அவன் முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தான். உள்ளே போகத் துணிவில்லை. வெளியே போகவும் மனம் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கிருஷாந்தி வெளியே வந்தாள்.

"ரெண்டு உசிரும் பொழைச்சிருச்சி. புள்ள பொம்பளப் புள்ள. சின்னதா இருக்கு, கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க."

"அல்ஹம்துலில்லாஹ்."

"கார் எனக்கு வேணாங்க."

"தெரியும் மிஸ்."

"நீங்க சொல்லாம விட்டிருந்தா, பாதி வழியில நான் தனியா நின்னிருப்பேன். அத நெனச்சாத்தான்..." முடிக்காமல் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். மன்னித்தாளா இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை.

போன் அடித்தது. வலப்பனையிலிருந்து இன்னொருவர்.

"கார் இன்னும் இருக்குங்களா?"

சிப்னாஸ் செத்துக் கிடந்த காரைப் பார்த்தான்.

"இருக்கு. ஆனா பெரிய பெட்டரி செத்துப் போச்சு. ஓடாது."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். சிப்னாஸ் காரின் பின்கதவைத் திறந்தான். சீட்டில் ரத்தம் உறைந்திருந்தது. வாளி ஒன்று கேட்டு வாங்கி, குழாயில் தண்ணீர் பிடித்துக் கழுவத் தொடங்கினான். கழுவி முடித்ததும் ரிஃப்னாவுக்கு போன் எடுத்து, இறம்பொடையில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.