பத்தாவது கேள்வி

அலுவலகத்தில் அவளுக்குக் 'குறிப்பு அக்கா' என்று பெயர். படிப்பை முடித்த பிள்ளைகள், எந்த வேலைக்குப் போகலாம் என்று கேட்டு அங்கே வருவார்கள். வருகிறவர் கையில் ஒரு குறிப்புத் தாளைக் கொடுப்பார்கள். நில அளவையர் வெயிலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், கால்நடை மருத்துவர் எத்தனை மணிக்கு எழுவார், நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவருக்குக் கை வலிக்குமா, எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருக்கும். மொத்தம் அறுபத்துநான்கு தொழில்கள். அத்தனையும் எழுதியது அவள்தான். அதில் ஒரு தொழிலையாவது நேரில் போய்ப் பார்த்தாளா என்றால், இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவள் இருபது வருடமாக அந்தச் சுரைக்காயைத்தான் ஊருக்கெல்லாம் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அவள் வழி சுலபமானது. அந்தந்தத் தொழிலில் இருக்கிறவரைப் போனில் பிடித்துப் பத்துக் கேள்வி கேட்பாள். பத்தாவது, 'மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே தேர்ந்தெடுப்பீர்களா?' பேசினவர்கள் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள். சொல்லாமல் என்ன? வேலை நேரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச முடிந்தவர்கள்தானே அவள் தாளில் ஏறினார்கள். போனை எடுக்காதவர்களையும், இப்போது முடியாது என்று வைத்தவர்களையும் விட்டுவிட்டு அவள் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவாள். வேலையாக இருக்கிறவரைத் தொந்தரவு செய்வானேன் என்ற நல்ல எண்ணம்தான், பாவம்.

அவளுடைய ஒரே மகள் அவசர அழைப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சேர்ந்ததே அம்மாவின் தாளைப் படித்துவிட்டுத்தான். பயிற்சிக்காலம் முடிந்து, திங்கட்கிழமை நிரந்தர வேலைக்கான கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம் நடுவில் விலக முடியாது. சனிக்கிழமை மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும். யோசிக்கணும் என்றாள் மகள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, புதுசில் எந்த வேலையும் கசக்கத்தான் செய்யும், பழகினால் சரியாகிவிடும் என்று அம்மா அடித்துச் சொன்னாள். மகள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவசர அழைப்பு மையத்துத் தாளைப் புதுப்பிக்கச் சொல்லி மேலதிகாரி உத்தரவு போட்டார். வீட்டிலேயே ஆள் இருக்க, வெளியே ஏன் தேட வேண்டும்? சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மகள் வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்ததும், அம்மா பேனாவோடு எதிரில் உட்கார்ந்தாள். மகளின் காதைச் சுற்றி ஹெட்போன் அழுத்திய சிவப்புத் தடம் இன்னும் மறையவில்லை. முதல் மூன்று கேள்விக்கும் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள். நாலாவது, வேலையில் மனநிறைவு தரும் விஷயம் எது என்பது.

"நேத்து ஒருத்தர் கூப்பிட்டார். அவர் அண்ணனுக்கு மூச்சு நின்னு போச்சு. நெஞ்சை அழுத்தச் சொல்லி நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினோரு நிமிஷம். அப்புறம், வண்டி வந்துடுச்சுன்னு போனை வச்சுட்டார்."

"அந்த அண்ணன் பிழைச்சாரா?"

"யாரும்மா வந்து சொல்வாங்க? அடுத்த கால் வந்துச்சு, எடுத்தேன்."

ஒரு நாளைக்கு இப்படி எத்தனை வரும் என்று கேட்டாள். நேற்று நூற்றுப்பத்து என்றாள் மகள். ஒன்றுக்குக்கூட முடிவு தெரியாது. அம்மாவுக்குப் பேனா ஓடவில்லை. இந்தத் தாளுக்காக முன்பு பேசியவர் அந்த மையத்தின் மேலாளர் என்பதும், சிரித்துச் சிரித்துப் பேசினார் என்பதும் நினைவுக்கு வந்தது. ஹெட்போன் மாட்டிய ஒருவரோடும் அவள் பேசியதில்லை. அந்தத் தாளை எழுதியபோது அவர்களில் மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தாள், மூவரும் எடுக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மிச்சக் கேள்விகளை விட்டுவிட்டு நேரே பத்தாவதைக் கேட்டாள்.

மகள் கண்ணைத் திறந்தாள். "அம்மாவா கேக்குறியா, ஆபீஸ் கேக்குதா?"

"அம்மாதான் கேக்குறேன்."

"இல்லம்மா. மாட்டேன்."

இவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி அம்மா கேட்டதில்லை. தாளைக் கீழே வைத்தாள்.

"அப்போ கையெழுத்துப் போடாதே. நான் சொன்னதையெல்லாம் விட்டுடு. வேற வேலை பார்த்துக்கலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"காலையிலயே போட்டுக் கொடுத்துட்டேன்."

ஏன் என்று கேட்க அம்மாவுக்குப் பயமாக இருந்தது. மகளே சொன்னாள், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, தூக்கக் கலக்கத்தில்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். எல்லார்கிட்டயும் கேட்டு எழுதுறவ இல்லையா நீ."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். ராத்திரிக்கு ஆள் குறைகிறது, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆறு மணிக்கு எழுப்பிவிடு என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அடுத்த நிமிடம் தூங்கிப்போனாள்.

அம்மா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆறு மணி ஆயிற்று. எழுப்ப மனம் வரவில்லை. எழுப்பினாள்.