இஸ்திரிக்கும் அதே கதவு

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை. அந்தச் சட்டைக்குள் இருப்பவனை நான் ஒருநாளும் நம்பியதில்லை. நான் வாசல் காவல்காரன். யார் எப்படி உள்ளே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

வாசலில் ரேகை மிஷின் வைத்தவன் அவன்தான். எட்டு மணிக்குள் விரல் வைத்தால் கதவு திறக்கும். பிந்தினால் மத்தியானம் வரை சிவப்பு விளக்குத்தான். கையால் திறக்கிற சாவி என்னிடம் இருந்தது. "பெருசு, உனக்கு இரக்கம் ஜாஸ்தி" என்று அதையும் பிடுங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிக்கொண்டான்.

போன மழையில் ஒரு நாள் பஸ் கெட்டுப்போய் என் தம்பி பிந்திவிட்டான். பசை ஒட்டுகிற பிரிவில் அவனுக்கு வேலை. ஏற்கெனவே ஒரு கால் சரியில்லாதவன். என் காவல் அறையோ கதவுக்கு உள்பக்கம். பத்து மணிக்கு இஸ்திரி தனக்கென்று வைத்திருந்த ஆபீஸ் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்ததும் போன் போட்டேன்.

"சார், தம்பி மழையில நிக்கிறான். சாவியைக் குடுத்தனுப்புங்க."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று வைத்துவிட்டான்.

தம்பி கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான். கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு போயிற்று. இன்றுவரை படுக்கைதான். "ஓரமா நிக்கத் தெரியாதா அந்த ஆளுக்கு?" என்று இஸ்திரி கேட்டானாம்.

அந்த மிஷினுக்கு புரோகிராம் எழுதுகிற கம்பெனியில்தான் என் மகள் வேலை செய்கிறாள். இஸ்திரிக்கு அது தெரியாது. காவல்காரனுக்குப் பிள்ளைகுட்டி உண்டா என்று அவன் கேட்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் புரோகிராமை எழுதிக்கொண்டிருந்தாள். "முதலாளியம்மா ஆபீஸ் பக்கத்துக் கதவை மூடச் சொல்லிட்டாங்கப்பா. இனிமே எல்லாரும் விரல் வைக்கணும். மேனேஜரையும் மிஷின்ல சேர்க்கணும்."

"எப்படிச் சேர்ப்பே?"

"தொழிலாளின்னு ஒரு கிளாஸ் இருக்கு..."

"நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன். புரியிற மாதிரிச் சொல்லு."

சிரித்துவிட்டுச் சொன்னாள். கிளாஸ் என்பது ஆள் இல்லை. ஆளுக்கு என்னென்ன இருக்கும், ஆள் வந்தால் என்ன நடக்கும் என்று எழுதிவைத்த ஏற்பாடு. அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டாக்கினால் அது ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பெயர் வேறு, ரேகை வேறு. கதவைத் திறப்பதா வேண்டாமா என்கிற வேலைக்கு மெத்தட் என்று பெயர்; அதை ஒரே இடத்தில்தான் எழுதியிருக்கும். அங்கே மாற்றினால் அத்தனை பேருக்கும் மாறும். என் தம்பி அதற்குள் ஒரு ஆப்ஜெக்டாக இருந்திருக்கிறான். மிஷினுக்கு அவன் கால் தெரியாது, மழையும் தெரியாது.

"மேனேஜருக்கு?"

"தொழிலாளி கிளாஸ்லேர்ந்து ஒரு பிள்ளை கிளாஸ். தாய்கிட்ட இருக்கிறதெல்லாம் பிள்ளைக்குத் தானா வந்துடும். வேண்டாததை மட்டும் பிள்ளைகிட்ட மாத்தி எழுதணும்."

"பிந்தினா திறக்காதே, அதுவும் வருமா?"

"மாத்தலைன்னா வரும். நாளைக்கு அவர்கிட்ட கேக்கணும். கேட்டுட்டுதான் போடுவோம், அதுதான் வழக்கம்."

"அவன் என்ன சொல்லியிருக்கான்?"

"எங்க பாஸை வச்சுக்கிட்டே மேனேஜர் என்கிட்ட சொன்னார். 'தொழிலாளிக்கு இருக்கிறதை அப்படியே போடும்மா, எனக்குன்னு தனியா எழுதி நாளைக் கடத்தாதே'ன்னு."

"அப்ப அப்படியே போடு. கேக்காதே."

"அப்பா, இது தப்பில்லையா?"

"சொன்னதைச் செய்யறதுல என்ன தப்பு?"

உள்ளே தம்பி திரும்பிப் படுக்க ஆள் கேட்டுக் கூப்பிட்டான். அவள்தான் எழுந்து போனாள். திரும்பி வந்தவள் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டாள். அவனிடம் கேட்பாளா மாட்டாளா என்று நானும் விசாரிக்கவில்லை.

புது ஏற்பாடு தொடங்கிய அன்றும் மழை. முதலாளியம்மா எட்டு மணிக்கு முன்பே வந்து மாடி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரி வழக்கம்போல் பத்து மணிக்குக் காரில் வந்து இறங்கினான். காரும் போய்விட்டது. விரலை வைத்தான். மகள் கேட்டாளா இல்லையா என்று தெரியாமல் நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு.

"பெருசு, மிஷின் கோளாறு. திற."

"கோளாறு இல்ல சார். பிந்திட்டீங்க."

"யோவ், நான் மேனேஜர்யா."

"நீங்களும் தொழிலாளி கிளாஸ்லேர்ந்து வந்தவர்தானாம் சார். மிஷின் சொல்லுது."

"சாவி போட்டுத் திற."

"சாவி உங்க இழுப்பறையில இருக்கு."

பையைத் துழாவி இழுப்பறைச் சாவியைக் கம்பி வழியே நீட்டினான். நான் கையை நீட்டவில்லை.

"காவலை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

என் மகளின் பாஸுக்குப் போன் போட்டுக் கத்தினான். 'நீங்க சொன்னதைத்தானே போட்டோம்' என்று அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும், பாதியிலேயே போனை வைத்துவிட்டான். அண்ணாந்து மாடியைப் பார்த்தான். முதலாளியம்மா அவனைப் பார்த்தார். இறங்கி வரவில்லை. அவர் கண்ணெதிரே அவனால் வீட்டுக்கும் போக முடியவில்லை. சட்டை உடம்போடு ஒட்டி, மடிப்பெல்லாம் போய், தம்பி பிடித்த அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பெருசு, தயவு பண்ணுய்யா."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

வீட்டுக்குப் போனதும் தம்பியிடம் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்ணே நின்னான்?"

"மத்தியானம் வரைக்கும்."

"மழை விட்டுதா?"

"விடல."

"விழுந்தானா?"

"இல்லடா. அது ஒண்ணுதான் குறை."

தம்பி முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். "தலையணையை உசத்தி வை. முதல்லேர்ந்து இன்னொரு தரம் சொல்லு."