வீட்டு ஆள் சொல்லும் வரை

"கீரையில உப்பு போட மறந்துட்டியா, வெண்மதி?" என்றார் முனிராஜ். டெல்லி வீட்டுச் சமையலறையிலிருந்து உப்பு டப்பாவோடு மனைவி திரும்புவதற்குள், களித் தட்டின் முன்னால் நாற்காலியிலேயே சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மத்திய மந்திரி முனிராஜ் மறைந்த செய்தி எல்லா டிவியிலும் ஓடியது. அவருடைய சென்னை சேனலும் பத்திரிகையும்கூடச் சொல்லிவிட்டன. பென்னாகரத்தில் ஒரு டிஷ்ஷும் நாலு தெருவுக்கு வயருமாக அவர் முதன்முதலில் தொடங்கிய கேபிள் சேனல் மட்டும் வாய் திறக்கவில்லை.

எல்லாம் மாதுவால் வந்தது. கேபிள் வந்த புதிதில், பாப்பாரப்பட்டி மாது இறந்ததற்குப் பென்னாகரத்து மாதுவின் படத்தைப் போட்டுவிட்டார்கள். மாலையோடு அலறி வந்த சொந்தக்காரர்களிடம், "வாங்கினது வாங்கிட்டீங்க, போட்டுட்டுப் போங்க" என்று கழுத்தை நீட்டினானாம் மாது. அன்றிலிருந்து, வீட்டு ஆள் வாயால் சொல்லாமல் எந்தச் சாவையும் போடக் கூடாது என்பது முனிராஜ் வைத்த சட்டம். பிறகு அவர் எம்.பி. தேர்தலுக்கு நின்றபோது ஜீப்பில் ஏறி, "என்னைச் சாகடிச்சவருக்கு ஓட்டுப் போடுங்க! செத்தவனே கேக்கறேன்!" என்று கத்தியவனும் மாதுதான். இரண்டு சேனலும் பத்திரிகையும் வாங்கித் தராத ஓட்டு அது என்பார் முனிராஜ்.

வெண்மதியின் போன் அடித்தது. கேபிள் சேனலைப் பார்த்துக்கொள்ளும் சிவக்குமார்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. 'டெல்லியே சொல்லிடுச்சு, உனக்கென்னடா'ன்னு கட்சிக்காரங்க சட்டையப் புடிக்கறாங்க. நீங்க சொல்லாம நான் போட மாட்டங்க."

"இப்ப என்ன ஓடுது?"

"மாரியம்மன் பண்டிகைங்க. போன மாசம் ஐயா வடம் புடிச்சாரே, அதாங்க."

அவர் போய்விட்டார் என்ற வார்த்தையைக் காலையிலிருந்து அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதவரை அங்கே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேர் இழுத்துக்கொண்டிருப்பார். இருக்கட்டுமே என்று தோன்றியது.

யாரோ போனைப் பிடுங்கினார்கள். "அண்ணி, மாது பேசறனுங்க. தப்பாப் போட்டுட்டாங்கன்னு சொல்லுங்க. நான் பொழைச்சு வரலைங்களா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவனிடம் சொல்லலாம் என்றிருந்தது.

"இல்ல மாது. உங்க அண்ணன் போயிட்டாருப்பா."

அந்தப் பக்கம் மாது விம்மினான். இவளுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. ஊரார் பார்த்து அழட்டும். அவருக்கு அது பிடிக்கும்.

"சிவக்குமார், போட்டுருங்க. நாளைக்கு ஊருக்குக் கொண்டு வர்றோம்."

வருஷம் ஒன்றாகிறது. சாவு வீடுகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அந்தச் சேனலில் ஏழு மணிச் செய்தி இன்றும் ஐந்து நிமிஷம் தாமதமாகத்தான் தொடங்குகிறது.