இளஞ்சிவப்புத் தண்ணீர்

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்து அதை அணைத்தேன். பல் துலக்கினேன். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். பொங்கியது. அடுப்பைத் துடைத்தேன். காபி குடித்தேன். கொடியில் கிடந்த துணிகளைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் போகவில்லை. அப்படியே விட்டேன். பிறகு வழக்கம்போல மகளுக்கு போன் செய்தேன்.

அவளுக்கு ஐந்து வயது. அவள் அம்மா இறந்ததிலிருந்து தாத்தா பாட்டி வீட்டில் இருக்கிறாள். ஊரின் அந்தக் கோடி.

“பல்லு தேச்சாச்சா?”

“தேச்சாச்சு. அப்பா, கார் செத்துப்போச்சாமே? பாட்டி சொன்னாங்க.”

“சாகல. ஒழுகுது.”

“எங்க ஒழுகுது?”

“உள்ளுக்குள்ள.”

“அப்ப சாயங்காலம் என்னைக் கூட்டிட்டுப் போக வரமாட்டியா?”

“வருவேன்.”

“அப்பா வருதாம் பாட்டி,” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பதில் வந்த மாதிரி தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பள்ளி திறக்கிறது. பள்ளி அவர்கள் வீட்டுக்குப் பக்கம். எங்கள் தெருவிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. “நீங்களே கொண்டுபோய் விட முடியும்னா அவ உங்ககூட இருக்கட்டும். முடியலைன்னா இங்கயே இருக்கட்டும். குழந்தையை அலைக்கழிக்க வேணாம்,” என்று மாமியார் சொல்லியிருந்தார். நியாயமான பேச்சுதான். எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை, வண்டியைத் தவிர.

வண்டி என் மனைவியுடையது. ஆட்டோமேட்டிக். போன வாரம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது பச்சைக் கூலன்ட் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் இளஞ்சிவப்பு நுரை இருந்தது. ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ஒன்று ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் தண்ணீருக்குள்ளும் தண்ணீர் எண்ணெய்க்குள்ளும் போகும். தண்ணீர் போன கியர்பாக்ஸ் பிழைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. “கியர்பாக்ஸையே மாத்துங்க சார், இல்லைன்னா வண்டியை எடைக்குப் போடுங்க,” என்றார் பட்டறைக்காரர். நான் வேறொரு ரேடியேட்டரும் கேன் கேனாக எண்ணெயும் வாங்கி வந்தேன். நான் படித்தது வேதியியல். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதைத் தவிர அதிலிருந்து இந்த வேலைக்கு எதுவும் உதவவில்லை. மீதியை வீடியோவில் பார்த்துக்கொண்டேன்.

காபி டம்ளரைக் கழுவி வைத்தபோது மாமனார் வந்து இறங்கினார். கையில் பிளம்பர் பை. வரச்சொல்லி நான் கூப்பிடவில்லை.

“என்ன மாப்ள, ரேடியேட்டர்னா தண்ணி, குழாய், ஜாயிண்ட். அதுதானே என் பொழப்பே. நகருங்க.”

பழைய ரேடியேட்டரைக் கழற்றுவதற்குள் இருவர் சட்டையும் பாழானது. கியர்பாக்ஸிலிருந்து வரும் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். வாளியில் விழுந்த இளஞ்சிவப்புக் குழம்பின் அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றினேன். மறுபடி ஓடவிட்டேன். மறுபடி ஊற்றினேன்.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். “என்ன சார், மில்க்‌ஷேக் கடை போட்டாச்சா? எனக்கொரு கிளாஸ்.”

“மொத கிளாஸே உங்களுக்குத்தான்,” என்றார் மாமா. “ஒரே மடக்கு. அப்படியே போய்ச் சேர்ந்துடலாம்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. டாக்ஸிக்காரர் வானத்தைப் பார்த்தார்.

“அந்த பன்னண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க மாமா,” என்றேன்.

வெயில் ஏறியபோது வாளியில் விழுந்த எண்ணெய் சிவப்பாகத் தெளிந்திருந்தது. புது ரேடியேட்டரைத் தூக்கி உட்காரவைத்தோம். நான் மேலே ஹோஸ்களுக்கு கிளிப் மாட்டினேன். கீழே இரண்டு எண்ணெய்க் குழாய்களையும் மாமா இணைத்தார். இன்ஜினைப் போட்டேன். குனிந்து பார்த்தால் இணைப்பிலிருந்து சிவப்புச் சொட்டு. அதன்பின் இன்னொன்று.

“டேப் பத்தல,” என்றார். கழற்றினார். குழாயின் திருகு மரையில் பிளம்பர்கள் சுற்றும் வெள்ளை டேப்பை இன்னும் தடிமனாகச் சுற்றி முறுக்கினார். முன்பைவிட வேகமாகச் சொட்டியது. மறுபடி கழற்றினார், மறுபடி சுற்றினார். ஸ்பேனரில் முழு எடையையும் போட்டபோது ஏதோ முனகியது.

“மாமா, விடுங்க. உடைஞ்சிடும்.”

“நான் போட்ட குழாய் இந்த ஊர்ல எத்தனை வீட்டுல இருக்கு தெரியுமா? ஒரு வீட்டுல ஒழுகினதில்ல. இது ஒழுகுதுன்னா வண்டிதான் சரியில்ல.” ஸ்பேனரைக் கீழே போட்டார். குரல் இறங்கியது. “போதும் மாப்ள. இதை விட்டுடலாம். பாப்பா எங்ககூடவே இருக்கட்டும். நீங்க ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. யாரும் உங்களை ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அவர் சொன்னது சரி என்றே பட்டது. தரை குளிர்ச்சியாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அங்கேயே தூங்கிவிடலாம். நாளை பால் பொங்கினால் பொங்கட்டும். மகள் ஏன் தலை பின்னாமல் பள்ளிக்குப் போனாள் என்று எவரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

கண்ணுக்கு நேரே அந்தக் குழாய் தொங்கியது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அதைப் பார்த்தேன். நுனி சின்னப் புனல் மாதிரி விரிந்திருந்தது. அது போய் உட்காரும் இடம் ஒரு கூம்பு. கூம்பின்மேல் புனல், உலோகத்தோடு உலோகமாக அமர்ந்தால் அடைத்துக்கொள்ளும். மரையின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டும். வீட்டுக் குழாயில் மரைதான் தண்ணீரை நிறுத்துகிறது, அதனால் அங்கே டேப். இங்கே சுற்றச் சுற்ற, டேப்பின் கிழிசல் இடையில் மாட்டி இரண்டையும் சேரவிடாமல் செய்திருக்கிறது.

ஊசி எடுத்துவரச் சொன்னேன். மரையிலிருந்த டேப்பை இழை இழையாகப் பிடுங்கினேன். துணியால் துடைத்தேன். கையால் முடிந்தவரை திருகிவிட்டு, ஸ்பேனரால் கொஞ்சம் மட்டும் இறுக்கினேன்.

“இன்ஜினைப் போடுங்க மாமா.”

போட்டுவிட்டு வந்து அவரும் என் பக்கத்தில் படுத்தார். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சொட்டவில்லை. அவர் விரலை நீட்டி இணைப்பைத் தடவி, விரலைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

“டேப்பே இல்லாமலா?”

“டேப்பே இல்லாம.”

“இதெல்லாம் ஒரு ஜாயிண்ட்டா,” என்றார். நிஜமாகவே கோபமாக இருந்தார்.

கூலன்ட் ஊற்றி, குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்து மூடினோம். இனி கியர்பாக்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். ஏறி உட்கார்ந்து ரிவர்ஸில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு அடியில் ஒரு தட்டல். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

“வழி விடுங்கப்பா, கடை கிளம்பிடுச்சு!” என்று எதிர்வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

மாமாவை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தெருக்களைச் சுற்றினேன். கியர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் வந்து நின்றது. ஓரமாக நிறுத்தி அடியில் பார்த்தேன். காய்ந்திருந்தது.

திரும்ப ஏறியதும் மாமா சொன்னார்: “உங்க அத்தை காலைல விளக்கேத்தும்போது வேண்டிக்கிட்டா, இந்த வண்டி கெளம்பக் கூடாதுன்னு.”

நான் சீட் பெல்ட்டை மாட்டினேன்.

“நானும் கொஞ்சம்.”

“பரவால்ல மாமா.”

“சொன்ன பேச்சு மாறமாட்டோம். பாப்பா இன்னிக்கு உங்ககூட வந்துடுவா. ஆனா உங்க அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டே இருக்கா. எம்பொண்ணு கடைசில குழந்தையைப் பத்தி என்ன சொல்லிட்டுப் போனா? எங்கிட்ட விடச் சொல்லியிருப்பா, மாப்ள மறைக்கிறார்னு.” கையிலிருந்த கறையைக் கால்சட்டையில் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பரவியது. “அப்பாகிட்ட இருக்கணும்னு சொன்னான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். அதோட அவ அடங்கிடுவா. நானும் கேட்டேன்னு சாட்சி சொல்றேன்.”

“அப்படிச் சொல்லல மாமா. அத்தைகிட்ட விடச் சொல்லியும் சொல்லல.”

“அப்ப என்னதான் சொன்னா?”

ஆஸ்பத்திரியில் அவள் இறந்த அன்று காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. அடுத்த நாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் மாத்திரைச் சீட்டோடு கீழே மருந்துக் கடைக்குக் கிளம்பினேன். கதவுவரை போனவனைக் கூப்பிட்டாள். எழுந்து உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

“பக்கத்து பெட்டுக்காரம்மா என் செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. வந்ததும் வாங்கி வைங்க.”