அடையாறு போய்ச் சேரவேண்டிய பெட்டி

சிகாகோவிலிருந்து சென்னை பதின்மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஒரு விமானம் மாறி, இருபத்திரண்டு மணி நேரப் பயணம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஜொவிட்டா அந்தத் தூரத்தை மடியில் ஒரு குளிர்பெட்டியோடு கடந்தாள். பெட்டிக்குள் முகம் தெரியாத ஒருவர் தானமாகக் கொடுத்த எலும்பு மஜ்ஜை இருந்தது. எடுத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அடையாறு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு அதை ஏற்றியாக வேண்டும். இப்படிப் பெட்டி சுமக்கும் தொண்டில் இது அவளுக்கு நான்காவது பயணம்.

செவ்வாய் விடியற்காலை சென்னையில் பேய்மழை. விமானம் மேலேயே இரண்டு முறை வட்டமடித்துவிட்டுப் பெங்களூருக்குப் போய் இறங்கியது. எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டிக் கெஞ்சி அவள் வெளியே வருவதற்குள் மணி ஒன்பதரை. மஜ்ஜை எடுத்து முப்பத்துநான்கு மணி நேரம் போயிருந்தது.

சவாரி இறக்கிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த சைதாப்பேட்டைக்காரர் இனாயத்தின் கார் கிடைத்தது.

"பொட்டிய டிக்கில வெச்சிரலாமாம்மா?"

"வேணாம் தம்பி. கைய விட்டு எறக்கக் கூடாது."

விஷயத்தைச் சொன்னாள். இனாயத் அதன்பின் டீ குடிக்கக்கூட வண்டியை நிறுத்தவில்லை. ஆனாலும் வேலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் நகரவே இல்லை. சைதாப்பேட்டைக்கு வந்தபோது மாலை ஆறு. அங்கே முழங்கால் தண்ணீரில் இன்ஜின் ஒருமுறை இருமி நின்றுபோனது.

ஜொவிட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை மணி நேரம்தான் மீதி. அந்த மருத்துவமனை இன்னும் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை.

"பஸ்ஸு ஒசரம்மா, அது பூடும். வா, ஸ்டாப்பாண்ட வுட்டுர்றேன்" என்று இனாயத் இறங்கினார். பள்ளம் எங்கே என்று காலால் துழாவியபடி அவர் முன்னே போக, பெட்டியை மார்போடு அணைத்தபடி அவள் பின்னே நடந்தாள். அடையாறு பஸ் பிதுங்கி வழிந்தது.

"யோவ் கண்டக்டரு! இந்தம்மா கையில ஒரு உசுரு கீது. ஒரு சீட்டு குடுக்கச் சொல்லு!"

யார் என்ன என்று கேட்காமல் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து இடம் விட்டாள்.

ஏழு இருபதுக்கு மருத்துவமனையில் பெட்டியைத் திறந்து வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள். நான்கு டிகிரி, சரியாக இருந்தது. ஜொவிட்டா கையெழுத்துப் போட்டாள். விரல்கள் மரத்துப்போய் எழுத்து கோணலாக வந்தது. எட்டரைக்குச் செவிலி ஒருத்தி வெளியே வந்து, "ஏத்த ஆரம்பிச்சாச்சு மேடம். நீங்க கெளம்புங்க" என்றாள்.

அப்போதுதான் சாந்தோம் வீட்டிலிருந்து கணவர் ஆரோக்கியநாதன் கூப்பிட்டார்.

"எங்க இருக்க?"

"அடையாறுல."

"அப்ப கால் மணி நேரத்துல வந்துருவ."

"ரோடெல்லாம் தண்ணிங்க. நீங்க சாப்பிட்டுருங்க" என்றாள் ஜொவிட்டா. ஈரச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோ பார்க்க வாசலுக்கு நடந்தாள்.